அரளு என்றாள், அரளி என்று எழுதினார்

போன மாதம் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மறதி நோய் பற்றி நர்ஸுகளுக்கு ஒரு நாள் பயிற்சி. என்னை "மூத்த செவிலியர்" என்று மேடையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். பேச ஐந்து நிமிடம் என்றார்கள். அந்த ஐந்து நிமிடத்தையும் வரவேற்புரை தின்றுவிட்டது. பேச முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடம் எடுத்த டாக்டர் "டௌ புரதம்" என்று ஆரம்பித்ததும் பின்வரிசைப் பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்கள் காதில் அது டாவு என்று விழுந்திருக்கிறது. டாக்டர் முகம் கறுத்துப்போனார். எனக்கு அந்தப் பெண்கள் மேல் கோபம் வரவில்லை. காதில் தப்பாக விழுந்ததைக் கேட்டுச் சிரித்தார்கள், அதோடு போயிற்று. காதில் தப்பாக விழுந்ததைக் கையெழுத்துப் போட்டு எழுதி வைத்த ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் வந்து, "மேடம், உங்க காலத்துல டிமென்ஷியா எல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது. டௌவும் மண்டைக்குள் இருந்தது. இரண்டுக்கும் எங்களிடம் பெயர்தான் இல்லை.

நான் தருமபுரிப் பக்கத்துக்காரி. எங்கள் குடும்பம் காட்டுவேலை செய்து மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். நர்ஸிங் படித்தேன், அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் சோறு கெட்டது, மேட்ரன் அதைவிடக் கெட்டவர். எண்பதுகளில் மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அப்போது ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. மலைப்பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், சந்தையில் தமிழ் பேசுவார்கள். ஆஸ்பத்திரியில் பயத்தில் இரண்டையும் கலந்து பேசுவார்கள்.

எங்களுக்கு மேலே இருந்தவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். சென்னைக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. லஞ்சம் வாங்கமாட்டார், குடிக்கமாட்டார், நேரத்துக்கு வருவார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவருக்கு இரண்டு பழக்கம் உண்டு. நோயாளி பேசும்போது இடது உள்ளங்கையைத் தூக்குவார், டிராபிக் போலீஸ் மாதிரி. போதும், புரிந்துவிட்டது என்று அர்த்தம். பாதிச் சொல்லிலேயே கை எழும்பிவிடும். இன்னொன்று, எழுதியதை அடிக்கமாட்டார். அவர் எழுதும் கேஸ் ஷீட்டில் ஒரு அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. அதைத் தன் பெருமையாக எங்களிடம் காட்டுவார். "படிச்சவன் யோசிச்சுட்டு எழுதணும், எழுதிட்டு யோசிக்கக் கூடாது சிஸ்டர்" என்பார். நாங்களும் தலையாட்டுவோம்.

வயதானவர்கள் புத்தி மாறி வந்தால் அவர் "வயோதிகம்" என்று எழுதிச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். அதை ஒரு நோய் என்று நினைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தப் பக்கத்தில் எங்களுக்கு ஓயாமல் வந்த கேஸ் அரளி. மாமியாரோடு சண்டை என்றால் அரளி விதை. பரீட்சையில் பெயில் என்றால் அரளி விதை. அரைத்துக் குடித்துவிட்டு வருவார்கள், வாந்தி இருக்கும், நாடி இறங்கும். ஓ.பி. வாசலில் "அர" என்று காதில் விழுந்தாலே நான் வயிறு கழுவுகிற ட்யூபைத் தேட ஆரம்பித்துவிடுவேன். எல்லோர் காதும் அப்படித்தான் பழகியிருந்தது.

ஒரு நாள் காலை சிவம்மா என்கிற பெண் தன் மாமனாரை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். கிழவர் பெயர் மாதப்பன். முந்தின நாளிலிருந்து வாந்தி, கண் சொருகிக் கிடந்தார், நாடி மெதுவாக இருந்தது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், வடக்கே போயிருந்தான். கூட வந்தது புருஷனுக்கு அண்ணன் முனியப்பா. அவன் வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றான்.

பெரிய டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"இவருக்கு அரளுங்க சாமி, அரளு மர..." என்றாள் சிவம்மா. கை எழும்பிவிட்டது.

"யார் குடுத்தது?"

"நான்தானுங்க. தெனமும் நான்தான் குடுக்கறன். வேற யாரு குடுப்பாங்க?"

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"எதுல கலந்து குடுத்தே?"

"மோருலதானுங்க. கெட்டியா குடுத்தா முழுங்கமாட்டாருங்க."

அவள் கேழ்வரகுக் கூழைச் சொன்னாள். நாங்கள் கொலையைக் கேட்டோம். தினமும் மோரில் அரளி கலந்து கொடுக்கிறேன் என்று ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சொல்வாளா என்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. பெரிய டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார். அரளி விஷம், மருமகள் கொடுத்ததாக அவளே சொன்னாள், போலீஸுக்குத் தகவல். ஒரு அடித்தல் இல்லாமல் அழகாக எழுதினார்.

வயிறு கழுவுகிறது எப்படி என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது, மெஷின் வந்துவிட்டது. ஆளை இடப்பக்கமாகப் படுக்க வைத்துத் தலையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட வேண்டும். ரப்பர் ட்யூபை உதட்டிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பு முடிகிற இடம் என்று அளந்து பிளாஸ்திரி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறி பல்லைத் தொடுகிற வரை உள்ளே தள்ள வேண்டும். புனலை உயர்த்தி, லேசாக ரோஸ் நிறத்தில் கரைத்த பெர்மாங்கனேட் தண்ணீரை ஊற்றி, புனல் காலியாகும் முன்னே தரைக்கு இறக்கினால் வயிற்றில் இருப்பது திரும்பி வரும். வருகிற தண்ணீர் தெளிகிற வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சொன்னதைக் கேட்டு விழுங்குகிற ஆளுக்கு இது கஷ்டம். என்ன நடக்கிறது என்றே புரியாத ஆளுக்கு இது கொலைதான். மாதப்பன் ட்யூபைக் கடித்தார். "பேடா, பேடா" என்று கத்தினார். கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். கையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். இருமி இருமிப் பாதித் தண்ணீர் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

வந்தது கூழும் மோரும். கூட ஒரு சின்ன வெங்காயத் தோல். விதையும் இல்லை, நாரும் இல்லை. பெரிய டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "கரைஞ்சிருக்கும்" என்றார். நாடி ஏற அட்ரோபின் ஊசி போடச் சொன்னார். மறதிக்காரர்களுக்கு அந்த ஊசி மூளையை இன்னும் கலக்கிவிடும் என்று பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்று சாயங்காலம் வரை கிழவர் காற்றில் எதையோ பறித்துக்கொண்டிருந்தார். விஷம் ஏறிவிட்டது என்று எழுதினோம்.

மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள். சிவம்மாவை மரத்தடியில் நிறுத்தி வைத்துக் கன்னடத்தில் விசாரித்தார். கொஞ்ச நேரத்தில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷன் உள்ளே கிடக்கிறான், என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"சிஸ்டர், அரளு மரளுன்னா கன்னடத்துல வயசாகி புத்தி தடுமாறறதுங்க. எங்க ஆத்தாளுக்கே இருந்துச்சு. அந்தம்மா நோயச் சொல்லுச்சு, உங்க டாக்டரு வெசம்னு எழுதிட்டாரு."

நல்லது, முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு பேரும் பெரிய டாக்டர் அறைக்குப் போனோம். ஏட்டு பணிவாக எடுத்துச் சொன்னார். பெரிய டாக்டர் முழுதும் கேட்டார். அன்றைக்கு மட்டும் கையைத் தூக்கவில்லை. கடைசியில், "தகவல் போயாச்சே" என்றார்.

"ஐயா அடிச்சு எழுதிக் குடுத்தா நான் கிழிச்சுப் போட்டுர்றனுங்க."

"நான் அடிக்கறதில்ல. நீங்க விசாரிச்சுப் பொய்னு எழுதுங்க."

"டாக்டரு எழுதினத ஏட்டு எப்படிங்க பொய்னு எழுதறது?"

இருவருக்கும் உண்மை தெரியும். இருவரும் படித்தவர்கள். இருவரும் அந்த ஒரு வரியை ஒருவர் மடியில் ஒருவர் தூக்கிப் போட்டு விளையாடினார்கள். நான் அங்கே நின்று கத்தினேன். சிஸ்டர், வார்டுக்குப் போங்க என்றார் பெரிய டாக்டர், குரலை உயர்த்தாமல்.

அதற்குள் பீடி குடித்துக்கொண்டு நின்ற முனியப்பா ஊருக்குப் போய்விட்டான். தம்பி பெண்டாட்டி அரளி வைத்தாள், டாக்டரே எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டான். கிழவர் பேரில் இருந்த நிலத்தை இன்னும் பிரிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஏட்டு கைது செய்யாமல் விட்ட சிவம்மா வீட்டுக்குப் போனபோது கதவைச் சாத்திவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் உள்ளே. புருஷன் லாரியிலிருந்து இறங்கி வந்து, கேஸ் முடிகிற வரை உன் ஆத்தா வூட்டில் இரு என்றான். அவனும் அவள் கையால் சாப்பிடத் தயாராக இல்லை.

மாதப்பன் நான்கைந்து நாளில் செத்துப்போனார். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி. போலீஸ் கேஸ் என்பதால் போஸ்ட்மார்ட்டம். செய்தவர் எங்கள் சின்ன டாக்டர். கொஞ்ச காலம் பெங்களூரில் ஒரு மூளை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த ஆள், சட்டையை எப்போதும் வெளியே விட்டுக்கொண்டு திரிவார். நுரையீரலைப் பார்த்துவிட்டு, கழுவின தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளை குட்டி உண்டு.

ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். கிழவர் உயிரோடு இருந்த நாட்களில் சிவம்மாவை உட்கார வைத்து முதலிலிருந்து கேட்டிருந்தார். முதலில் கிழவருக்கு வைத்த சாமான் வைத்த இடம் மறந்தது. பிறகு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் வழி தெரியாமல் நின்றார். பிறகு பெற்ற மகனை யார் என்று கேட்டார். கடைசியாகப் பேச்சு போனது. அதிலும் சந்தையில் கற்ற தமிழ் முதலில் போயிற்று, அம்மாவிடம் கற்ற கன்னடம் கொஞ்சம் மிஞ்சியது. இது பல வருஷமாக நடந்த சங்கதி. அரளிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மூளையைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று சிவம்மாவையும் அவள் புருஷனையும் கேட்டார். புருஷன் தலையைச் சொறிந்தான். "எடுத்துக்கங்க சாமி. அவருக்கு அது வேலை செஞ்சு வெகு நாளாச்சு. எனக்காச்சும் வேலை செய்யட்டும்" என்றாள் சிவம்மா.

புது மூளை கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். அப்படியே வாளியில் போட்டால் தன் கனத்திலேயே தட்டையாகிவிடும். அதனால் மூளைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயில் நூலைக் கோத்து, வாளியின் கைப்பிடியில் கட்டி, ஃபார்மலினில் தலைகீழாகத் தொங்கவிட்டார். கண் எரியும் நாற்றம். அது வாரக்கணக்கில் ஊறிக் கெட்டியாக வேண்டும். ஸ்டோர் ரூமில் வாளியை வைத்துப் பூட்டினோம். அந்தப் பக்கம் பினாயில் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் பினாயிலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், ஆஸ்பத்திரி இன்னும் கொஞ்சம் அழுக்கானது. பிறகு அவர் வாளியை வேட்டித்துணியால் கட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டிருக்கிறான். உள்ளே என்ன என்றும் கேட்டிருக்கிறான். ஊறுகாய் என்றாராம்.

சிவம்மா சந்தை நாள்தோறும் ஆஸ்பத்திரிக்கு வருவாள். ஓ.பி. வாசலில் நின்று, "ஏதாச்சும் வந்துச்சுங்களா சிஸ்டரம்மா?" என்பாள். இல்லை என்பேன். சந்தையில் அவள் விற்கக் கொண்டுவரும் கூடையில் யாரும் கை வைப்பதில்லை என்பாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

சின்ன டாக்டர் ஒரு நாள் சந்தோஷமாக வந்தார். பெங்களூர் சினேகிதர் மூளையைச் சீவல் சீவலாக வெட்டி, வெள்ளி உப்பில் சாயம் ஏற்றிப் பார்த்திருக்கிறார். நரம்பணுக்களுக்குள் கறுப்பு முடிச்சுகள், எண்ண முடியாத அளவு. அந்த முடிச்சு எதனால் ஆனது என்று வெளிநாட்டில் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள், டௌ என்று ஒரு புரதம் என்றார். அன்றுதான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன்.

டிரெஸ்ஸிங் அறையில் எங்களை நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"சிஸ்டர், சமையல்கட்டுலேர்ந்து வார்டுக்குச் சாப்பாட்டு வண்டி எதுல போகுது?"

"வராந்தாவுல."

நரம்பணுவுக்குள்ளும் அப்படி வராந்தாக்கள் உண்டாம், மெல்லிய குழாய்கள். சத்தும் சரக்கும் அந்த வழியாகத்தான் அணுவின் கடைசி முனை வரை போகும். குழாய்கள் பிரிந்துபோகாமல் பிடித்திருக்கிற போல்ட்டுதான் டௌ. இந்த நோயில் போல்ட்டுகள் கழன்றுவிடுகின்றன. வராந்தா இடிகிறது. கழன்ற போல்ட்டுகள் சும்மா இருப்பதில்லை, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கும்பலாகி, போகிற வழியையும் அடைத்துவிடுகின்றன. அணு பட்டினியில் சாகிறது. காதுக்கு உள்பக்கமாக, புது ஞாபகத்தைச் சேர்த்துவைக்கிற இடத்தில் முடிச்சு ஆரம்பிக்கிறது. அதனால் நேற்றைய சங்கதி முதலில் போகிறது. அங்கிருந்து பரவப் பரவ, வழி, முகம், பேச்சு என்று ஒவ்வொன்றாகப் போகிறது. சிவம்மா சொன்ன வரிசையும் இதுதான்.

"அப்போ டௌ கெட்டதா சார்?" என்று ஒரு நர்ஸ் கேட்டாள்.

"நல்லதுதாம்மா. இருக்கற எடத்துல வேலை செய்யற வரைக்கும் நல்லது. வேலையை விட்டுட்டுக் கும்பல் கூடினா ஆளையே முடிச்சுடும்."

"நம்ம ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். சிரித்தார்கள். பெரிய டாக்டர் வாசலில் நின்றதை யாரும் பார்க்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. உள்ளே வந்து சின்ன டாக்டர் கையிலிருந்த தாளைப் படித்தார். "சுவாரசியமா இருக்கு" என்றார். "ஆனா அரளி இல்லைன்னு இதுல எங்கேயும் இல்லையே. மறதி வந்தவனுக்கு விஷம் குடுக்க முடியாதா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். மூளையில் முடிச்சு இருந்தால் வயிற்றில் விஷம் இல்லை என்று ஆகாது. கண்டுபிடித்த உண்மை பெரிது, அது சிவம்மாவுக்குக் கதவைத் திறக்கவில்லை. குடலும் ஈரலும் பாட்டிலில் அடைத்துச் சென்னைக்கு விஷப் பரிசோதனைக்குப் போயிருந்தன. அங்கே அவை வரிசையில் காத்துக்கிடந்தன.

ஏட்டு அதைவிட மோசமான சேதியோடு வந்தார். ஆஸ்பத்திரிப் பேச்சு எப்படியோ காதில் விழுந்து, முனியப்பா ஸ்டேஷனுக்கு வந்து, அப்பன் மண்டையில் டௌ என்று ஒன்று இருந்ததாமே, அது எந்தக் கடையில் விற்கிற விஷம் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஊரில் இப்போது அரளியை விட்டுவிட்டு டௌவைப் பிடித்துக்கொண்டார்கள். அரளி என்றால் வேலியில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். டௌ யாரும் பார்க்காத விஷம், அதை வாங்கி வந்தவள் சாதாரண ஆளாக இருக்க முடியாது. சிவம்மாவின் பெயர் இன்னும் ஒரு படி கெட்டது.

அடுத்த சந்தையில் அவள் வந்தபோது சின்ன டாக்டர் முடிச்சைப் பற்றி அவளுக்கும் சொன்னார். வராந்தா, போல்ட்டு எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

"இதத்தானுங்களே நான் வந்ததும் சொன்னேன்" என்றாள்.

பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். தான் போட்ட சோற்றால் அந்த முடிச்சு விழுந்திருக்குமா என்று. இல்லை, சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். அப்போதுதான் அந்தப் பெண் எங்கள் முன்னால் முதல்முறை அழுதாள். ஊர் சொல்லச் சொல்ல அவளுக்கே சந்தேகம் வந்திருக்கிறது.

சென்னையிலிருந்து முடிவு வர வெகுகாலம் ஆயிற்று. விஷம் எதுவும் இல்லை. ஏட்டு கேஸை மூடினார். பெரிய டாக்டரிடம் சொன்னோம். நல்லது என்றார். கேஸ் ஷீட்டில் அவர் எழுதிய வரி அப்படியே இருந்தது. பிறகு அவர் பதவி உயர்வில் போனார், மாலை போட்டு அனுப்பினோம், நானும் போட்டேன்.

போன மாதப் பயிற்சியில் டௌவை இப்போது உயிரோடு இருக்கிற ஆளுக்கே படம் பிடித்துப் பார்க்கலாம் என்றார்கள். சந்தோஷம். கழன்ற போல்ட்டைத் திரும்ப மாட்ட மருந்து உண்டா என்று கேட்டேன். ஆராய்ச்சி நடக்கிறது என்றார்கள். அதுவரை நோயாளியின் வீட்டில் சோறு ஊட்டுகிறவள் சொல்வதை முழுதும் கேளுங்கள், கையைத் தூக்காதீர்கள். இளைய நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

கேஸ் மூடிய பிறகு சிவம்மா புருஷனோடும் பிள்ளைகளோடும் ஒருமுறை வந்தாள். கடைசிப் பிள்ளைக்குக் காதில் சீழ். மருந்து விட்டுக்கொண்டே, வூட்டில் சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்டேன்.

"அவங்க சேத்துக்கல சிஸ்டரம்மா, நான்தான் சேத்துக்கிட்டேன். வான்னு கூப்ட்டாங்க. வூட்டுக்குள்ள போறதுக்கு முந்தி ஊர்க்காரங்கள உக்கார வெச்சு, என் கையால ஆக்கினத எல்லாரும் தின்னாத்தான் வருவன்னு சொல்லிட்டனுங்க."

புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"களி கிளறி, அவரைக்கொட்டைச் சாறு வெச்சேன். மொத வட்டில எங்க மூத்தாருக்குத்தான் வெச்சேன்."

"முனியப்பா தின்னானா?"

"ஊரே பாக்குது, எங்க போவாரு? உருட்டி உருட்டி வெச்சுக்கிட்டே இருந்தாருங்க. வேர்த்து ஊத்துச்சு. உருண்டை பூரா உள்ள போற வரைக்கும் எதுத்தாப்புலயே நின்னனுங்க."

"அப்புறம்?"

"இன்னொரு உருண்டை வெச்சனுங்க."